நெம்புகிறவர்கள், நடக்கிறவர்கள்

கலவையைச் சுவரில் தடவினால் நிற்காது, அடிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்சுவர் பெயர்ந்து விழுந்த வருஷம் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரைப் பார்த்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. சித்தாள் நீட்டிய சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, மணிக்கட்டை லேசாகச் சுண்டி வீசுவார். சப்பென்று ஒரு சத்தம். செங்கல்லின் பள்ளத்துக்குள் போய் அப்பிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "தண்ணி இழுக்கட்டும் சார், அப்புறந்தான் தேய்க்கணும்" என்றார். ரொம்ப முந்தினால் கையோடு வந்துவிடும். பிந்தினால் கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கைக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குள் சுவரில் ஏறிவிட வேண்டும்.

சில மாதம் கழித்துச் சாந்திநிகேதனுக்குப் போனபோது, அங்குள்ள கலைக் கல்லூரியான கலாபவன் வளாகத்தில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த 'சந்தால் குடும்பம்' முன்னால் நின்றேன். அந்தக் கொத்தனாரின் மணிக்கட்டுதான் முதலில் நினைவுக்கு வந்தது. நூல்களில் பார்த்திருந்த படங்கள் எதிலும் அந்த மேற்பரப்பு அப்படித் தெரிந்ததில்லை. ஆளைவிடப் பெரிய உருவங்கள். ஆண் தோளில் காவடி. ஒரு கூடையில் குழந்தை, எதிர்ப்பக்கம் பாரம். பெண்ணின் தலையில் சுமை, இடுப்பில் இன்னொரு குழந்தை. கூடவே ஒரு நாய். ஒரு சந்தால் பழங்குடிக் குடித்தனம் முழுசாகப் பெயர்ந்து நடந்து போகிறது. கிட்டே போனால் தோல் இல்லை, துணி இல்லை, எல்லாம் பரல். சிமெண்டில் கலந்த சிவந்த கூழாங்கல் தொடையிலும் முதுகிலும் முகத்திலும் முளைத்துக்கொண்டு நிற்கிறது. சில இடங்களில் கலவை வந்து விழுந்த திசைகூடத் தெரிகிறது. இது தடவிச் செய்ததல்ல, வீசிச் செய்தது. அந்த வீச்சு இன்னும் அந்த உருவங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் சிலையை ஒருவர் நடக்க வைத்தது எப்படி என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை அதுதான்.

ராம்கிங்கருடன் சேர்த்தே நினைக்க வேண்டிய இன்னொருவர் நமக்கு மிகவும் பழக்கமானவர், பெயர்தான் அவ்வளவு பழக்கமில்லை. சென்னையில் 'உழைப்பாளர் சிலை ஸ்டாப்' என்று நடத்துநர் குரல் கொடுத்ததும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்று தெரியும்? எனக்கும் வெகுகாலம் தெரியாது. 1959 குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் மெரினாவில் அது திறக்கப்பட்டது. நான்கு ஆண்கள், ஒரு பாறை, நெம்பும் கட்டை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

இருவரும் வங்காளிகள். உழைக்கும் உடலையே தங்கள் பெரிய வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள். ஐரோப்பாவுக்குப் போய்ப் பயிலாமலே அங்கத்தியச் சிற்பத்தின் மூச்சை உள்வாங்கியவர்கள். கலைப் பரம்பரையும் ஒன்றுதான்: ராய் சௌத்ரி அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார், ராம்கிங்கரின் ஆசிரியர் நந்தலால் போஸ் அதே அவனீந்திரநாத்தின் மாணவர். மென்மையான நீர்வண்ணங்களில் கரைந்துபோகும் உருவங்களை வரைந்த ஒரு குருவின் வழியிலிருந்து, மண்ணிலும் கல்லிலும் இரும்பிலும் கை வைத்த இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். இத்தனை ஒற்றுமைக்குப் பிறகும் இந்த இரண்டு சிலைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணத்தை அவர்களுடைய கொள்கையில் தேடுவதைவிடக் கையில் தேடுவதே சரி. ஒருவர் எந்தப் பொருளை எப்படித் தொட்டார் என்பதிலேயே, உழைப்பைப் பற்றி அவரால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது.

ராய் சௌத்ரி 1899-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்கப்பூர் பக்கம் தாஜ்ஹாட்டில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்காரர், புல்லாங்குழல் வாசித்தவர், வங்காளியில் கதைகள் எழுதியவர். 1929-இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல் இந்தியத் தலைவர் இவர். ஐம்பதுகளின் இறுதி வரை அங்கேதான் இருந்தார். லலித் கலா அகாதெமி 1954-இல் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் இவரே.

அவருடைய வழி களிமண் வழி. கம்பியால் ஒரு எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எதிரே ஆள் நிற்பார். உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவர் நின்றதாகச் சொல்வார்கள். களிமண் அவசரப்படுத்தாது. சாயந்தரம் ஈரத்துணி சுற்றி மூடிவிட்டுப் போனால் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். முழங்கால் சரியில்லையா, வெட்டியெடுத்துவிட்டு வேறு முழங்கால் வைக்கலாம். வேலை முடிந்ததும் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதிலிருந்து வெண்கலத்துக்குப் போவார்கள். சிற்பி தொட்டது மண். நாம் பார்ப்பது உலோகம். ஆனால் மண் எதையும் மறக்காது. அவருடைய கட்டைவிரல் அமுக்கிய குழி, உருட்டி ஒட்டிய மண்ணுருண்டை, வழித்தெடுத்த கோடு, எல்லாம் வெண்கலத்தில் அப்படியே உறைந்து நிற்கின்றன. மாலை வெயில் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து சாய்வாக விழும்போது அந்த முதுகுகளைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக வெளிச்சம் நடுங்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் பெயரை விமர்சகர்கள் அவரோடு சேர்த்துச் சொல்வது இதனால்தான். ஈரமாக இருந்த ஒன்றின் ஞாபகம் அந்த உலோகத்தில் இருக்கிறது.

ஈரத்துணியின் பொறுமை அவருக்கு என்ன கொடுத்தது? உடற்கூறு கொடுத்தது. நால்வரில் எவரை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு குதிகாலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வாருங்கள். பாதம் தரையைக் கவ்வுகிறது. கெண்டைக்கால் திரண்டு நிற்கிறது. தொடை முறுகுகிறது. இடுப்பில் ஒரு திருகல். அங்கிருந்து விலாவெலும்புகளின் ஊடே விசை ஏறித் தோளுக்குப் போய்க் கைவழியே கட்டையில் இறங்குகிறது. ஓரிடத்தில்கூட அந்த ஓட்டம் அறுவதில்லை. மல்யுத்தக் களத்தில் எதிராளியின் பாரத்தைத் தன் உடம்பில் வாங்கிப் பழகிய ஒருவருக்குத்தான் இது தெரியும். இவர்கள் சதை புடைத்த பயில்வான்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வயிறு ஒட்டியிருக்கிறது. நரம்புதான் வேலை செய்கிறது. சாப்பாட்டில் வந்த பலமில்லை இது, வேறு வழியில்லாமல் வந்த பலம். அதைக் கண்டு சொன்னதற்காகவே ராய் சௌத்ரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் நீண்ட நேரம் அதன் முன் நின்றால் ஒரு குறை மெல்லத் தெரியவருகிறது. பாறையைத் தவிர இந்த நால்வருக்கும் உலகத்தில் எதுவுமில்லை. எங்கிருந்து வந்தார்கள், பாறை புரண்டபின் எங்கே போவார்கள், யார் சோறு கொண்டுவருவார்கள், எதற்கும் அந்தச் சிலையில் இடமில்லை. உழைப்பின் உச்சக் கணம் ஒன்றை எடுத்து, மற்ற எல்லாவற்றையும் உதறிவிட்டார். மல்யுத்தத்தைப் போலவே இதிலும் களமும் எதிராளியும் போதும். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'உழைப்பின் வெற்றி'. வெற்றி என்றால் போட்டி ஒன்று இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பூசிய கொத்தனாரோ கலவை சுமந்த சித்தாளோ யாரையும் வெல்லவில்லை. வேலை முடிந்தது, கை கால் கழுவினார்கள், போனார்கள். மறுநாள் வேறொரு சுவர்.

ராம்கிங்கருக்கு இந்த மறுநாள் தெரிந்திருந்தது. 1906-இல் பாங்குராவில் பிறந்தார், முடிதிருத்தும் குடும்பம். பக்கத்துத் தெருவில் குயவர்கள் சாமி பொம்மை செய்வதைப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்ட பையன், நாடகத் திரைகள் வரைந்தான், ஒத்துழையாமைக் காலத்தில் தலைவர்களின் படங்கள் எழுதினான். பத்திரிகையாசிரியர் ராமானந்த சட்டர்ஜியின் கண்ணில் பட்டு 1925-இல் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். லிசா ஃபான் பாட், மார்கரெட் மில்வர்ட் என்று இரண்டு ஐரோப்பியப் பெண் சிற்பிகள் அங்கே வந்து களிமண் வேலை கற்றுக்கொடுத்தார்கள். மில்வர்ட், ரோதானிடம் வேலை பார்த்த பூர்தெல்லின் மாணவி. ராய் சௌத்ரி கைக்கொண்ட வழி ராம்கிங்கருக்கும் நன்றாகவே தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர் செய்த ரவீந்திரநாத் தாகூர் தலையில், குனிந்து கனத்துப்போன அந்த முதுமையில், களிமண்ணை அவர் எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தார் என்பது தெரியும். கவியை வழிபடுகிறவர்களுக்குப் பிடிக்கக்கூடிய முகமில்லை அது.

பெரிய வேலைக்கு வந்தபோது அவரிடம் வெண்கலத்துக்குப் பணமில்லை. இருந்தவை சிமெண்டும், காலடியில் கிடந்த மண்ணும்தான். பீர்பூம் மாவட்டத்து மண் செம்புறாங்கல் மண். மழை அரித்த சிவந்த ஓடைகளை அங்கே கோயாய் என்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பூமியைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் அன்னியமாக இருக்காது. அந்தப் பரலைச் சிமெண்டோடு கலந்தார். இரும்புக் கம்பியில் கூடு கட்டி, மூங்கில் சாரத்தில் ஏறி, கலவையை அள்ளிக் கம்பிமேல் வீசினார். இறுகுவதற்குள் வழித்தார், வெட்டினார், சீவினார். முன்னால் சிறு மாதிரி செய்து பார்ப்பதுண்டு என்றாலும் பெரிய உருவம் அதன் நகலாக வரவில்லை. வெட்டவெளியில், வெயிலில், மரத்துக்கும் வழிப்போக்கர்களுக்கும் நடுவே அந்த இடத்திலேயே பிறந்தது. ஈரத்துணி போர்த்தி நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாத வேலை. சிமெண்ட் யாருக்கும் காத்திருக்காது.

நமக்கு இது முற்றிலும் புதிய சங்கதியில்லை. கோபுரங்களில் ஏறி நிற்கும் சுதை உருவங்கள் இதே குடும்பம்தான்: உள்ளே ஒரு கூடு, மேலே சாந்து, இறுகுவதற்குள் கையின் ஓட்டம். சிற்பத்துக்கான பொருள்களைப் பட்டியலிடும் நம் நிகண்டில் கல்லோடும் உலோகத்தோடும் மண்ணும் சுதையும் இடம்பெற்றிருக்கின்றன. இருந்தும் கல்லுக்கும் செம்புக்கும் கொடுத்த மரியாதையைச் சுதைக்கு நாம் கொடுத்ததில்லை. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வண்ணம் பூசிப் பூசி, கீழே இருந்த கையின் தடம் முழுக்க மூடிப்போக விட்டுவிட்டோம். ராம்கிங்கர் செய்த பெரிய காரியம் வண்ணம் பூசாமல் விட்டது. பரலைப் பரலாகவே இருக்க விட்டார். சந்தால் குடும்பம் எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணாலேயே ஆகியிருக்கிறது. பீடம் என்று பெரிதாக எதுவுமில்லை. தரையிலிருந்து கொஞ்சம் எழும்பிய மேடை. பக்கத்தில் நின்றால் நாமும் அதே வழியில் எதிரே வந்தவர்கள்போல ஆகிவிடுகிறோம்.

அவசரம் அவருக்கு என்ன கொடுத்தது? நடையைக் கொடுத்தது. ராய் சௌத்ரியின் உருவங்களில் தசை தசையாக வரும் உடற்கூறு இங்கே இல்லை. கால் ஒரு தூண், கை ஒரு கிளை. விரல் எண்ணுவதற்கெல்லாம் சிமெண்ட் நேரம் கொடுப்பதில்லை. அதனால் மொத்த உடம்பின் சாய்வும் அடியெடுத்து வைக்கும் வேகமும் சுமையின் சமநிலையும் மட்டும் மிஞ்சின. காவடியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். குழந்தையின் எடைக்குச் சரியாக எதிர்ப்பக்கம் எடை வைக்கத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அறிவு முழுவதும் அந்தச் சமநிலையில் இருக்கிறது. சுமை இங்கே எதிராளியில்லை. சுமையில் ஒரு பகுதி அவர்கள் பெற்ற பிள்ளை.

பெண் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. மெரினாவில் நால்வரும் ஆண்கள். ராம்கிங்கரின் 1956 சிலையான 'ஆலைச் சங்கு'க்குப் போவோம். அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். குளித்து உடுத்தவோ துணி உலர்த்தவோ நேரமில்லை. ஈரச் சேலை காற்றில் பின்னால் பறக்க, ஓடிக்கொண்டே காயவைக்கிறார்கள். பின்னாலேயே ஒரு சிறுவன். வேலையை அவர் காட்டவில்லை. வேலைக்குப் போகும் வழியைக் காட்டினார். காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர்ச் சந்திப்பில் சித்தாள் வேலைக்கு நிற்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தலை இன்னும் காய்ந்திருக்காது, தூக்குவாளி கையில் இருக்கும், வேன் வந்ததும் ஓடுவார்கள். ஓட்டத்தில் ஒருத்தி எதையோ சொல்ல மற்றவள் சிரிப்பாள். அந்த ஓட்டத்தில் துயரமும் இருக்கிறது, ஒரு துள்ளலும் இருக்கிறது. 'ஆலைச் சங்கு' இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. இந்தியச் சிற்பத்தில் இதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை.

1943-இல் அவர் செய்த கதிரடிக்கும் பெண்ணுக்குத் தலையே இல்லை. உடம்பு முழுவதும் ஒரு வீச்சாக வளைந்திருக்கிறது. வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. பசியை ராய் சௌத்ரியும் செய்தார். 'பசியின் பலிகள்' என்ற வெண்கலத்தில் எலும்பும் தோலுமான உடல்களை ஒன்றையும் ஒளிக்காமல் காட்டினார். ஒருவர் பட்டினியின் முகத்தைக் காட்டினார்; மற்றவர் முகமே இல்லாமல் தானியத்தை அடிக்கும் உடம்பை வைத்தார். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஒரே ஆளை இருவரும் செய்ததும் உண்டு: காந்தி. மெரினாவிலேயே, உழைப்பாளர் சிலைக்குத் தெற்கே, 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி ராய் சௌத்ரியுடையது. கையில் கோல், முன்னே எட்டு வைத்த கால். பார்த்த கணத்தில் தெரிந்துவிடும் காந்தி. நகரத்துக்கு அப்படி ஒரு காந்தி வேண்டியிருந்தது, கொடுத்தார். சாந்திநிகேதனில் ராம்கிங்கரின் காந்தியும் நடக்கிறார். ஆனால் காலடியில் மண்டையோடு கிடக்கிறது. சுதந்திரம் வந்த விதத்தை அந்த மண்டையோடு மறக்க விடுவதில்லை. ராய் சௌத்ரியின் காந்திக்கு நாம் மாலை போட முடியும். இவருக்கு மாலையோடு போகிறவர் குனிந்து கீழே பார்க்காமல் திரும்ப முடியாது.

இதுவரை படித்தவர்கள் நான் ஒருபக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்கலாம். சாய்வு உண்டுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு முன்னால் அந்தச் சாய்வு தடுமாறுகிறது: யாருடைய சிலை யாருக்குக் கிடைத்தது?

தலைவர்களின் சிலையால் நிரம்பிய ஊர் சென்னை. அதில் பெயரில்லாத நான்கு பேர், கோவணம் கட்டிய கூலிகள், கடற்கரையின் முகப்பில் நிற்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் சாதிக்கும் சொந்தமில்லை. அவர்களின் பெயரில் பேருந்து நிற்கிறது, 'உழைப்பாளர் சிலைகிட்ட வந்துடு' என்று சிநேகிதர்கள் கூடுகிறார்கள். 1923-இல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் இந்தக் கடற்கரையில்தான். அந்த நினைவு இருப்பவர்களுக்கு நால்வரின் நெம்பல் வேறு அர்த்தம் கொள்ளும். இல்லாதவர்களுக்கும் கடலைப் பொட்டலத்தோடு நடந்துபோகும்போது அந்த முதுகுகள் ஏதோ சொல்லும். ராய் சௌத்ரியின் பொருளும் முறையும் இதற்குத் தோதாக இருந்தன. உச்சக் கணம் தூரத்திலிருந்தே புரியும். ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் புரியும். கடலின் உப்புக்காற்றை வெண்கலம் தாங்கும். பாட்னா தலைமைச் செயலகத்தின் முன்னால் அவர் செய்த தியாகிகள் நினைவுச்சின்னமும் அப்படித்தான்: 1942 ஆகஸ்டில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்கள், விழுந்தும் எழுந்தும் முன்னேறும் ஒரே அலை. 1956-இல் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். வீதிக்காகவே பிறந்த கலை அது. சந்தால் குடும்பமோ வளாகத்துக்குள் இருக்கிறது. கலை படிக்க வந்தவர்கள், சுற்றுலா வந்தவர்கள், என்னைப்போல் தேடிப் போனவர்கள் பார்க்கிறோம்.

அங்கேயும் ஒரு கவலை இருக்கிறது. சிமெண்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்தால் மேலே விரிசல் விழும். வீட்டுக் கூரை ஒழுகிப் பெயர்ந்து விழுவதைப் பார்த்த யாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். சிலைக்கு மேலே இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் நடுவே பிறந்த உருவத்தை நிழலில் நிறுத்தியிருப்பது வருத்தமாகத்தான் இருந்தது. வேறு வழி என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வெண்கலத்தில் நகல் எடுத்துவைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் மனம் ஒப்பவில்லை. வடிவம் மிஞ்சும், பரல் போய்விடும். பரல் போனால் பீர்பூம் போய்விடும். இந்தக் கவலை ராம்கிங்கருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ரித்விக் கட்டக் 1975-இல் அவரைப் பற்றி எடுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட ஆவணப்படத்தில், ஒழுகும் கூரைக்குத் தன் எண்ணெய் வண்ண ஓவியங்களையே மறைப்பாகச் செருகிவைத்ததைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார். நீடித்து நிற்கும் கல்லிலும் அவர் செய்ததுண்டு. தில்லி ரிசர்வ் வங்கி வாசலுக்கு அவர் செய்த யட்சன், யட்சி பத்தாண்டுக்கும் மேல் இழுத்த கல் வேலை. பெரியவை, கம்பீரமானவை. ஆனால் அந்தக் கல்லில் ராம்கிங்கரின் மணிக்கட்டை நான் காணவில்லை. நின்று காவல் காக்கின்றன, நடக்கவில்லை.

மாணவர்கள் வழியே பார்த்தால் கதை எதிர்பாராமல் திரும்புகிறது. ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள் கே.சி.எஸ். பணிக்கர், தனபால், பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென். மயிலாப்பூரில் பிறந்த தனபால் பின்னாளில் அதே கல்லூரிக்கு முதல்வரானார். பெரியாரின் தலையைச் செய்தபோது குருவிடம் கற்ற களிமண் அவருக்குக் கை கொடுத்தது. ஆனால் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவுக்குப் போனபோது உடற்கூற்றை விட்டுவிட்டார். எலும்பைக் கோடாக்கினார், துயரத்தை வளைவாக்கினார். அடுத்துவந்த ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி முன்பக்கம் மட்டுமே உள்ள உருவங்களைச் செய்தார். கோயில் கவசங்களின் ஞாபகம் அது. ராய் சௌத்ரியின் கையைச் சென்னை தொடரவில்லை. ஆனால் அவர் மாணவர்களைத் தன் நகலாக்காமல் விட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1942 போராட்டத்தில் சிறைசென்ற கே.ஜி. சுப்பிரமணியன் 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போனார். கையில் கிடைத்த சுடுமண், கண்ணாடி, சுவர் எதிலும் கலை செய்யலாம் என்ற துணிவோடு வளர்ந்தார். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்தது களிமண்ணின் பொறுமை. சென்னையிலிருந்து வங்காளத்துக்குப் போன பையனுக்குக் கிடைத்தது சிமெண்டின் துணிச்சல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மறுபடி மெரினாவுக்குப் போனேன். கட்டுமான வேலைக்கு வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் சிலைக்கு எதிரே நின்று செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வங்காளியா, சந்தாலியா, என் காதுக்குப் பிடிபடவில்லை. அந்த ஆள் நால்வரையும் பார்த்துவிட்டு, பிறகு பாறையைப் பார்த்துவிட்டு, கட்டையைப் பிடித்திருக்கும் கையை விரலால் காட்டி மனைவியிடம் எதையோ விளக்கினார். பிடி சரியாக இருக்கிறது என்றாரா, இப்படிப் பிடித்தால் நழுவும் என்றாரா தெரியாது. அவள் தலையை ஆட்டினாள். இடுப்பில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு அவர் பெரிய பையைத் தோளில் மாற்றிக்கொண்டார், அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், சேப்பாக்கம் பக்கமாக நடந்து போனார்கள்.